வலக்கை முன், இடக்கை பின்

ஹேர்னிங், 01.02.2009

மரண அறிவித்தல்

டென்மார்க்கைப் பிறப்பிடமாகவும், ஹேர்னிங்கில் எங்கள் வீட்டு நிலவறையை வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் ஹாண்டில் நாடா அவர்கள் நேற்றுச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணியளவில் கத்தரிக்கோலால் காலமானார். அன்னார் பழைய பிரேக் கட்டைகளின் ஆருயிர்த் தோழரும், சிவபாலன் மாமாவின் உள்ளங்கை வியர்வைக்கு ஏக வாரிசும் ஆவார். பூதவுடல் குப்பைத் தொட்டியில் நல்லடக்கம் செய்யப்பட்டது. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், சைக்கிள் ஓட்டிகள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

அன்புள்ள மாமாவுக்கு,

பயப்படாதீர்கள், இறந்தது நாடா மட்டும்தான். அம்மா, அப்பா, தங்கச்சி மேனுஜா, நான் எல்லோரும் சுகம். நீங்களும் மாமியும் சுகமா? வன்னியிலிருந்து குணசேகரம் சின்ன மாமா எந்த நிமிடமும் போன் எடுக்கலாம், அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உங்கள் இலக்கம் ஒன்றுதான், ஆகவே வேறு ஒருவரும் அந்த இலக்கத்துக்கு எடுக்கக் கூடாது என்று றெஜினா மாமி சட்டம் போட்டுவிட்டார். அம்மாவே தன் அண்ணனுக்கு எடுப்பதில்லை. ஆகவே டென்மார்க்கில் மாமனுக்குத் தபாலில் கடிதம் போடும் ஒரே பதினைந்து வயதுப் பிள்ளை நானாகத்தான் இருப்பேன். தமிழ்ப் பாடசாலையில் கட்டுரைக்கு முதற் பரிசு வாங்கியதற்குத் தண்டனை.

விஷயம் இதுதான். நீங்கள் ஓல்போர்க்குக்குக் குடிபோனபோது எங்கள் நிலவறையில் விட்டுவிட்டுப் போன பச்சைப் பந்தய சைக்கிளுக்கு நான் மறுபிறவி கொடுக்கிறேன். என் வகுப்பு மாட்ஸ் தன் புதுச் சைக்கிளை பஸ் தரிப்பிடத்தில் மோதி முறித்துவிட்டான். அதில் உயிர் தப்பியவை பின் சில்லும் இரண்டு பிடிகளும். பிரேக்கும் கியரும் ஒரே பிடியில் சேர்ந்த நவீன சாமான். உள்ளே இழுத்தால் நிற்கும், பக்கமாகத் தள்ளினால் கியர் மாறும். கை ஹாண்டிலை விட்டு அசையவே வேண்டாம். உங்களுடையதில் கியர் மாற்றுவதென்றால் குனிந்து, முழங்காலுக்குப் பக்கத்துக் குழாயில் ஒட்டியிருக்கும் இரண்டு குட்டிக் காதுகளைத் திருக வேண்டும். பெரிய ஆட்கள் காதைத் திருகியே பழகிவிட்டீர்கள்.

ஹாண்டிலில் சுற்றியிருந்த நாடாவை உரித்தபோது எழும்பிய மணத்துக்கு என் தமிழ் போதாது. பாணில் பூசும் லெவபோஸ்டாய் என்ற ஈரல் பசையை வெயிலில் காயவைத்து, நனைந்த சப்பாத்துக்குள் ஊற்றியது போல. சீ. மூன்று முறை கை கழுவிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தலைமைப் பொறியியலாளர் சிந்துஜன்


ஓல்போர்க், 07.02.2009

அன்பு மருமகன் சிந்துஜனுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்தது மாமி. முதல் இரண்டு சொல்லை வாசித்தவள் அப்படியே சமையலறை நிலத்தில் இருந்துவிட்டாள். மிச்சத்தை நான் வாசித்துக் காட்டிய பிறகும் எழும்பவில்லை. இந்த மாதிரிப் பகிடி எனக்கு அருவருப்பு. குணசேகரமும் புஷ்பராணியும் பிள்ளை நிலுஷாவும் எங்கே இருக்கிறார்கள் என்று மூன்று கிழமையாகத் தெரியாது. அது உனக்கும் தெரியும்.

சைக்கிளைத் தொடாதே. 1987இல் அகதி முகாமில் இருந்தபோது வாங்கியது. வாங்கிய அன்றே பிரேக் கம்பி இரண்டையும் கழற்றி மாற்றிப் பூட்டினேன். இங்கத்தைச் சைக்கிளில் இடக்கைப் பிடிதான் முன் சில்லை நிறுத்தும். எங்கள் ஊரில் வலக்கை முன், இடக்கை பின். என் கைக்கு அது ஒன்றுதான் தெரியும்.

நீ சொல்லும் புதுப் பிடியை எங்கள் ஆஸ்பத்திரி டொக்டர் ஒருவரின் சைக்கிளில் பார்த்திருக்கிறேன். இரண்டு பெரிய கரப்பான் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு மீசையை ஆட்டுவது போல இருந்தது. பழைய மெல்லிய பிறேமில் அதைப் பூட்டுவது, நல்ல மனிசனுக்குப் பிளாஸ்ரிக் மூக்கு ஒட்டுவது மாதிரி.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு. சாப்பிடச் சொல்லு.

மாமா


ஹேர்னிங், 15.02.2009

அன்புள்ள மாமாவுக்கு,

மாமியிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு பூப் படம் வைத்திருக்கிறேன். கீறியது மேனுஜா, கையெழுத்து மட்டும் நான். நாங்கள் சுகம். அம்மா சாப்பிடுகிறார் என்று சொல்லச் சொன்னார்.

'தொடாதே' என்ற உங்கள் கட்டளை வந்து சேர்ந்தபோது சைக்கிள் பதினேழு துண்டாகக் கிடந்தது. பூட்டி முடித்தால்தான் தொடாமல் இருக்கலாம். உங்களுக்குப் புதுப் பிடி பிடிக்காததற்குக் காரணம் பிடிவாதமா, கைவாதமா என்பதையும் அறியத் தரவும்.

ஒரு சிக்கல். மாட்ஸின் சில்லு உங்கள் பிறேமின் பின் கவட்டைவிட நான்கு மில்லிமீற்றர் அகலம். இரும்புப் பிறேம் என்பதால் விரிக்கலாம், ஆனால் மெதுவாக. அவசரப்பட்டால் வெடிக்கும். இதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியும்.

நிலவறையில் இருப்பது வீட்டுக்குள் இருப்பதைவிட மேல். குழாய்க்குள் காய்ந்த சிலந்தி, செயினில் மயிர் ஒட்டிய கிரீஸ், அவ்வளவுதான். மேலே, வரவேற்பறையில் ஒன்பது பேர் ரீவியின் முன் இருந்து, ரோல்ஸ் கடித்துக்கொண்டு, இன்றைக்கு எத்தனை பேராம் என்று கேட்கிறார்கள். ஒருவருடைய மீசையில் உருளைக்கிழங்கு. எண்ணிக்கை சொன்னதும் அவர் மற்ற ரோல்ஸை எடுத்தார். நான் என் தட்டைக் குப்பையில் கொட்டிவிட்டுக் கீழே வந்தேன்.

யாருடைய உதவியும் இல்லாமல் உழைக்கும்,
சிந்துஜன்


ஓல்போர்க், 01.03.2009

அன்பு மருமகனுக்கு,

நலம். மாமிக்குப் பிறஷர் கொஞ்சம் கூடி இறங்கியது. படம் குளிரூட்டியில் ஒட்டியிருக்கிறது.

இனி என்ன சொல்லப் போகிறேன் என்று நினைத்தால் எனக்கே வெட்கம். ஏப்ரல் பதினெட்டு, சனிக்கிழமை, இங்கிருந்து கொப்பன்ஹேகனுக்குப் பன்னிரண்டு பேர் சைக்கிளில் போகிறோம். நாடாளுமன்றத்தில் மனுக் கொடுக்க. யுத்தத்தை நிறுத்தச் சொல்லி. அது நிற்கும் என்று நினைக்கிற அளவுக்கு நான் பைத்தியம் இல்லை. ஆனால் கதிரையில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்க இனி ஏலாது. ஆஸ்பத்திரியில் எங்கள் வாட்டில் வேலை செய்யும் ஒருத்தி வெள்ளிக்கிழமை கேட்டாள், உங்கள் நாட்டில் இப்ப நல்ல வெயிலா என்று. அவளுக்கு முன்னால் நின்று ஓம், நல்ல வெயில் என்றேன். அன்று முழுவதும் என் வாயே எனக்குக் கசந்தது.

போன் என்னோடுதான் வரும். எந்த இடத்தில் அடித்தாலும் எடுக்க வேண்டும். ஒரு கையில் போன் இருந்தால் மற்றக் கை ஒன்றாலேயே சைக்கிளைக் கட்டுப்படுத்த வேண்டும். குனிந்து காதைத் திருகிக்கொண்டு அது நடக்காது. ஆகவே உன் கரப்பானைப் பூட்டு. அருவருப்பைச் சகித்துக்கொள்கிறேன்.

மாமா


ஹேர்னிங், 22.03.2009

அன்புள்ள மாமாவுக்கு,

கரப்பான் பூச்சிகளின் சார்பில் நன்றி. நாங்கள் சுகம். மாமியின் பிறஷர் எப்படி?

வெற்றி அறிக்கை: நான்கு மில்லிமீற்றரும் விரிந்துவிட்டது. நீளமான மரைக் கம்பியைப் பின் கவட்டுக்குள் வைத்து, நட்டை ஒரு நாளைக்குக் கால் சுற்றுப்படி திருகி, பதினொரு நாளில். பிறேம் முனகக்கூட இல்லை. பழைய காதுகள் இருந்த இடத்தில் கம்பிக்குச் சின்னத் தாங்கி வைத்து, கியர் கம்பியை அளந்து வெட்டி இழுத்தாயிற்று. ஒரு தள்ளு, ஒரு 'டிக்', ஒரு பல்லுச் சக்கரம். தள்ளினால் ஏறுகிறது, விரல் நுனியால் தட்டினால் இறங்குகிறது. எல்லாம் இந்தப் பத்து விரல்களின் வேலை. வேறு ஒரு விரலும் படவில்லை.

அம்மாவின் நகத்துக்குள் கிரீஸ் எப்படி வந்தது என்று மேனுஜா கேட்டாள். கதவுப் பிடியில் இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். அம்மா இப்போது அதிகம் கதைப்பதில்லை. தொழிற்சாலையில் நாள் முழுக்க இயந்திரப் பெட்டிகளுக்கு வயர் பூட்டிவிட்டு வந்து, எனக்குத் தேத்தண்ணியோடு கீழே வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார்.

புது நாடா வெள்ளை நிறம். உங்கள் உள்ளங்கையை நினைத்தால் அதற்காக இப்போதே இரக்கமாக இருக்கிறது.

ஏகப் பொறியியலாளர்,
சிந்துஜன்


ஓல்போர்க், 29.03.2009

அன்பு மருமகனுக்கு,

உன் கையில் இவ்வளவு வித்தை இருக்கும் என்று நினைக்கவில்லை. மாமிக்கு வாசித்துக் காட்டினேன். கன நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டு. புதன்கிழமை குணசேகரம் போன் எடுத்தான். யாருடையதோ போன். நாற்பது விநாடி. மூன்று பேரும் உயிரோடு, பதுங்குகுழிக்குள். நிலுஷாவுக்குக் காய்ச்சல். "அண்ணை, உங்களிட்டை ஒண்டு கேக்க வேணும்" என்றான். அதோடு அறுந்துவிட்டது. இனிப் போன் கிடைக்கும்போது எடுப்பான். என்ன கேட்கப் போகிறான் என்று தெரியவில்லை. குளிக்கப் போனாலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளிக்கிறேன்.

சைக்கிளைப் பதினைந்தாம் திகதிக்குள் அனுப்பு. ஓடிப் பழக வேண்டும்.

மாமா


ஹேர்னிங், 10.04.2009

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை இனிச் சைக்கிளிடம் கேட்டுக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை கோணேசன் அண்ணையின் வான் வண்டியில் பச்சை மணமகள் ஓல்போர்க் வருகிறாள். அவருடைய வானுக்குள் பழைய இறாலின் மணம். தயவுசெய்து இரண்டு நாள் பல்கனியில் நிறுத்திக் காற்று வாங்கவிடுங்கள்.

தெருவில் ஓட்டிப் பார்த்தேன். மாட்ஸ் பொறாமையில் பச்சையானான். பழைய பிறேமில் புதுப் பிடி பூட்டுவது குற்றம் என்று சைக்கிள் கடைக்காரர் உதட்டைச் சுளித்தார். அவருடைய உதட்டில் கிரீமும் கோப்பியும். சுளிக்கிற நேரமாவது துடைத்திருக்கலாம்.

சைக்கிளில் ஒரு சின்னக் குறும்பு ஒளிந்திருக்கிறது. என்னவென்று சொல்ல மாட்டேன். கண்டுபிடித்ததும் என்னை நினைத்துச் சிரியுங்கள்.

டென்மார்க்கின் மிகச் சிறந்த சைக்கிள் வைத்தியர்,
சிந்துஜன்


ஓல்போர்க், 26.04.2009

மருமகனுக்கு,

கோணேசன் சொல்லி அறிந்திருப்பாய். பதினாறாம் திகதி வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, ஃபியோர்ட் கடற்கரை வீதியில் ஓடிப் பழகினேன். ஒரு இடத்தில் நிற்க வேண்டி வந்தது. வலக்கை ஹாண்டிலில் இல்லை. இடக்கையால் பலமாகப் பிடித்தேன். என் கை அதைப் பின் சில்லு என்று நினைத்தது. முன் சில்லு நின்றது. நான் ஹாண்டிலுக்கு மேலால் போய் விழுந்தேன். இடது காறை எலும்பு முறிவு. போனும் உடைந்தது. அதே இலக்கத்தில் புதுப் போன் வரத் திங்களாகிவிட்டது. இப்போது சரி. முன்போலவே யாரும் எடுக்க வேண்டாம்.

பதினொரு பேர் கொப்பன்ஹேகன் போய் வந்தார்கள்.

உன்னில் பிழை இல்லை. நீ இங்கே பிறந்தவன், இங்கத்தை முறைப்படி பூட்டியிருக்கிறாய். பெப்ரவரியில் ஒரு முறை எழுதியதோடு விட்டுவிட்டேன், திரும்பவும் சொல்லியிருக்க வேண்டியது நான். இருபத்திரண்டு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறது, இந்தக் கைக்கு இன்னும் ஏறவில்லை. அதைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சைக்கிளுக்கு ஒன்றும் இல்லை. கரப்பான் இரண்டும் நல்ல சுகம்.

மாமா


ஹேர்னிங், 03.05.2009

அன்புள்ள மாமாவுக்கு,

தோள் நோ குறைந்துவிட்டதா? நாங்கள் சுகம். ஓம், இங்கே இடக்கைதான் முன். நான் அந்த முறைப்படி பூட்டினேன். உங்கள் பழக்கம் நினைவுக்கு வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் சோதனை. அதனால் அதிகம் எழுதவில்லை.

சிந்துஜன்


ஓல்போர்க், 14.06.2009

அன்பு மருமகனுக்கு,

ஏழு கிழமையாக எழுதவில்லை. மே மாதத்தில் எழுத என்ன இருந்தது. தோள் பொருந்திவிட்டது, வேலைக்குப் போகிறேன். மாமி மாத்திரையோடு இருக்கிறாள்.

வவுனியாவில் முகாமிலிருந்து குணசேகரத்தின் கடிதம், ஒரு பாதிரியார் மூலம் வந்தது. அவனும் நிலுஷாவும் முகாமில் இருக்கிறார்கள். கூடாரம். தண்ணீருக்கு வரிசை. பிள்ளைக்குப் பேன் என்று மொட்டை அடித்துவிட்டார்களாம்.

ஏப்ரல் பதினாறாம் திகதி பொழுதுபடுகிற நேரம் அவனுக்கு ஒரு போன் கிடைத்ததாம். மணி அடித்ததாம். பிறகு நின்றுவிட்டதாம். ஆமிப் பக்கம் கடந்து போவதா, அங்கேயே இருப்பதா என்று என்னிடம் கேட்க இருந்தானாம். "அண்ணை எடுக்கேல்லை, அதால நிண்டம்" என்று எழுதியிருக்கிறான். அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்டு எழுதவில்லை.

இதை அம்மாவிடம் நீ வாசித்துக் காட்டாதே. அவளே வாசிக்கட்டும்.

மாமா


ஹேர்னிங், 21.06.2009

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் மாமியும் சுகமா என்ற வரியை மூன்று முறை எழுதி வெட்டினேன். அந்தக் கேள்வியைக் கேட்கிற கை என்னுடையது என்பதால்.

அம்மா வாசித்தார். பிறகு நான் வாசித்தேன். பெப்ரவரியில் நீங்கள் மூன்று பெயர் எழுதியிருந்தீர்கள். இப்போது இரண்டு. புஷ்பராணி மாமியின் பெயரைக் கடிதத்தின் பின்பக்கத்திலும் தேடினேன். ஓல்போர்க்கில் மூன்று மணி என்றால் அங்கே ஆறரை. உங்கள் வலக்கையில் என்ன இருந்தது என்று ஏப்ரலில் நீங்கள் எழுதவில்லை. இப்போது எனக்குத் தெரியும்.

மே பத்தொன்பதாம் திகதி மாட்ஸ் என் தோளில் தட்டி, உங்கள் நாட்டில் சமாதானம் வந்துவிட்டதாமே, வாழ்த்துகள் என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு ஓங்காளம் வந்தது. கழிப்பறைக்குப் போய்க் கண்ணாடியில் என் முகத்தையும் பார்த்தேன். அங்கேதான் சத்தி எடுத்தேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். பிறேமை விரித்தது நான் இல்லை, அம்மா. மரைக் கம்பியைத் தொழிற்சாலையில் கேட்டு வாங்கி வந்து, பதினொரு நாளும் கால் சுற்றுத் திருகியது அவர். நான் வெட்டிய முதல் இரண்டு கியர் கம்பியும் நூல் நூலாகப் பிரிந்து குப்பைக்குப் போயின. மூன்றாவதை வெட்டியதும், தன் காதைப் பிறேமில் வைத்து அந்த 'டிக்' சரியாக விழும்வரை இழுத்ததும் அம்மா. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு நின்றது நான். "நீ செய்தனி எண்டு எழுது, அண்ணைக்குச் சந்தோஷமா இருக்கும்" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சின்ன மாமாவின் போன் வரும்வரை கைகளை என்ன செய்வதென்று தெரியாமல்தான் அவர் கீழே வந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

கடைசியில் பிரேக் மட்டும் மிஞ்சியது. "அண்ணைக்கு வலக்கை முன்னுக்கு, மறந்து போகாதை" என்று சொல்லிவிட்டு அம்மா வேலைக்குப் போனார். நான் மறக்கவில்லை. முதலில் சரியாகத்தான் பூட்டினேன். பிறகு கழற்றி மாற்றிப் பூட்டினேன். நீங்கள் வீட்டு வாசலில் மெதுவாக ஓட்டி, ஒரு குலுக்குக் குலுங்கி, "டேய் சிந்து" என்று கத்துவீர்கள் என்று நினைத்தேன். அதுதான் நான் எழுதிய குறும்பு. என்னவென்று ஒரு வரி எழுதி, பகிடி கெட்டுவிடும் என்று அந்தத் தாளைக் கிழித்தேன். மே மாதம் நினைவுக்கு வரவில்லை என்று எழுதியது பொய்.

இதுவரை எழுதியதை அம்மாவிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்தார். உறையில் உங்கள் விலாசத்தை அவரே எழுதினார்.

எல்லாவற்றையும் தனியே செய்தேன் என்று எத்தனை கடிதத்தில் எழுதினேன். மாமா, அந்தச் சைக்கிளில் நான் தனியே செய்தது அந்தப் பிரேக் ஒன்றுதான்.

சிந்துஜன்